டிரான்ஸ்ஃபரில் வந்த புங்கங்கன்று

அத்தியாயம் 6

குழிக்குள் குத்தவைத்திருந்த தனகோட்டி கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான்.

"மேடம், திருடன் கிடைச்சா இந்தக் குழியிலயே நட்டுடலாமா?"

"முதல்ல நீ வெளியே வா. யாராவது தண்ணி ஊத்திடப் போறாங்க."

"இந்த மேட்டுலயா? தண்ணியா? வெயில்ல இன்னாமோ பேசிகினு இருக்கீங்க மேடம்."

அவன் சொன்னது நியாயம்தான். நெய்வேலியில் சுரங்கம் தோண்டியபோது வெளியே எடுத்த மண்ணையெல்லாம் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன பழைய மண்மேடு அது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் புகைபோக்கிகள், மறு பக்கம் டவுன்ஷிப்பின் வரிசை வரிசையான மரங்கள். நடுவில் இந்த மேடு மட்டும் சவரம் செய்த தலைபோல இருந்தது. அதில் காடு வளர்க்கத்தான் அரசாங்கம் கூட்டுப் பசுமை மீட்புக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தது. மூன்று துறைகள் சேர்ந்த குழு. ஒவ்வொன்றின் முழுப் பெயரும் பாசஞ்சர் ரயில் நீளம் என்பதால் ஊர்க்காரர்கள் சுருக்கமாக மரத்துறை, மண்துறை, தண்ணித்துறை என்றார்கள். மேட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மரத்துறைக்குப் பச்சை முளைக்குச்சி, மண்துறைக்கு மஞ்சள், தண்ணித்துறைக்கு நீலம்.

இப்போது ரெஜினா நின்றுகொண்டிருந்தது பச்சை மேட்டில். குச்சிகள் இருந்தன. குழிகள் இருந்தன. கன்றுகள் மட்டும் இல்லை.

ரெஜினாவுக்கு இது புது மாதிரி வழக்கு. மெயின் பஜாரில் எஸ்.டி.டி. பூத்துக்கு மேல்மாடியில் இருந்த ரெஜினா விசாரணை நிலையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள். கேட்பதும் ஒரே கேள்விதான்: மாப்பிள்ளை பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா? அதற்கு உதவியாள் தனகோட்டி போதும். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்றுகொள்வான். பர்மனென்ட்காரன் வெளியே வந்ததும் டீக்கடையைப் பார்ப்பான். காண்ட்ராக்ட்காரன் நாளைக்கு வேலை உண்டா என்று மேஸ்திரியின் முகத்தைப் பார்ப்பான். தனகோட்டியின் தீர்ப்பு இதுவரை தப்பியதில்லை.

ஆனால் நேற்று வந்தவள் பெண்ணைப் பெற்றவள் அல்ல, பெண்ணே. பெயர் திலகவதி. சேத்தியாத்தோப்பில் பாலர் பள்ளி டீச்சர்.

"நிச்சயம் ஆயிடுச்சுக்கா. அவரு பேரு அருண்குமார். மண்மேட்டுல மரத்துறை வாட்ச்மேன், காண்ட்ராக்ட். அது தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன். இப்ப கன்னெல்லாம் அவருதான் திருடி வித்துட்டாருன்னு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுதாம். அன்னிக்கே போலீசுல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். எங்கப்பா கல்யாணத்த நிறுத்துன்றாரு."

"அவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்றாரு. திருடுனீங்களான்னு கேட்டா இல்லைன்றாரு. பின்ன யாருன்னு கேட்டா கீழ குனிஞ்சுக்கறாரு. எங்க ஸ்கூல்ல பக்கத்துப் பையன் டிபன எடுத்துத் தின்ன பிள்ளைங்க மூஞ்சி இப்படி இருக்காது. தின்னதப் பாத்துகினு சும்மா இருந்த பிள்ளைங்க மூஞ்சிதான் இப்படி இருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரெஜினா வழக்கை எடுத்துக்கொண்டாள்.

"தனகோட்டி, குழியைப் பார்த்தியே, என்ன தெரியுது?"

"குழி மாதிரி தெரியுது மேடம்."

"நல்லாப் பாரு. திருடன் கன்னைப் பிடுங்கினா குழி எப்படி இருக்கும்? ஓரமெல்லாம் இடிஞ்சு, மண்ணு சரிஞ்சு கிடக்கும். இது எப்படி இருக்கு? வட்டம் கலையல. ஒவ்வொரு குழி மேலயும் பனையோலை போட்டு மூடி, பறக்காம இருக்கக் கல்லு வேற. இப்ப நீ எடுத்துப் போட்டியே, அது."

"ஆமா. மரியாதை தெரிஞ்ச திருடன்."

"காலையில பால்காரர் வர்றதுக்கு முன்னாடி உங்க வூட்டுல என்ன பண்ணுவாங்க?"

"பாத்திரத்தக் கழுவி, மூடி, வாசல்ல வெப்பாங்க."

"ஏன்?"

"பால் வரும்ல?" என்ற தனகோட்டி, குழியையும் ஓலையையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம்... அப்ப போன கன்னு திரும்பி வரும்ன்றீங்களா?"

"திரும்பி வரும்னு யாரோ நம்பியிருக்காங்க. வா, ஆபீசுக்குப் போகலாம்."

கல்யாண விசாரணை என்று சொன்னால் நெய்வேலியில் திறக்காத கதவு கிடையாது. குழுவின் ஒருங்கிணைப்பாளர் சிவப்பிரகாசம் அவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, பண்ணுருட்டிப் பலாச்சுளையும் எடுத்து நீட்டினார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றும் மூன்று துறைகள் கொடுத்தவை.

"பையன் எப்படி சார்?" என்றாள் ரெஜினா.

"தங்கமான பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. திருட்டு ஒன்றுதான் குறை."

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

சிவப்பிரகாசம் பெருமூச்சு விட்டார். சென்னையிலிருந்து கஸ்தூரியம்மாள் என்று ஒரு கண்காணிப்பு அதிகாரி வந்து விருந்தினர் மாளிகையில் தங்கியிருக்கிறார். திங்கட்கிழமை பச்சை மேடு, புதன் நீல மேடு, வெள்ளி மஞ்சள் மேடு என்று முறை வைத்துப் பார்வையிடுகிறார். அவர் திருப்தியாக எழுதினால்தான் குழுவுக்கு நீட்டிப்பு. போன வாரம் திங்கட்கிழமை பச்சை மேட்டைப் பார்த்து மெச்சியவர் தன் குடையை அங்கேயே மறந்துவிட்டார். புதன்கிழமை நீல மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, யாரிடமும் சொல்லாமல் குடையை எடுக்கப் போயிருக்கிறார்.

"குடை இருந்தது. காடு இல்லை," என்றார் சிவப்பிரகாசம். குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு பொய்யில்லை என்று ரெஜினாவுக்குப் பட்டது.

"வெச்சதெல்லாம் நல்லா வளர்ந்துதா சார்? தண்ணி யார் ஊத்துறாங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "அதில்தான் நம் குழு முன்மாதிரி. டேங்கர் தண்ணித்துறையுடையது. டிரைவர் மரத்துறை. டீசல் மண்துறை. முழுமையான ஒருங்கிணைப்பு."

"மூணும் ஒரே நாள்ல வருதா?"

"அதற்காகவே ஒரு துணைக்குழு போட்டிருக்கிறோம்."

தனகோட்டி பலாச்சுளையை விழுங்க முடியாமல் இருமினான். ரெஜினா சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தாள். சுவரில் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். திட்டம் தொடங்கிய நாளில் எடுத்தது. பச்சைக் குச்சிகளுக்கு நடுவே சிவப்பிரகாசம் பூவாளியோடு சிரிக்கிறார். அவர் முன்னால் ஒரு புங்கங்கன்று. அதன் தண்டு பாதியில் மடங்கி, தலையைச் சொறியத் தூக்கிய முழங்கைபோலத் திரும்பி மேலே போயிருந்தது.

"அழகான கன்னு சார்," என்றாள்.

"கோணல் கன்று. நான்தான் நடுவேன் என்று அடம்பிடித்து நட்டேன். என்னைப் போலவே வளைந்து கொடுக்கும் என்று மேடையில் பேசினேன். நல்ல கைதட்டல்." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதையும் திருடிவிட்டான்."

அன்று புதன்கிழமை. கஸ்தூரியம்மாளின் ஜீப் நீல மேட்டிலிருந்து இறங்கிப் போகும்வரை காத்திருந்து, தனகோட்டி தன் டி.வி.எஸ்.-50ஐ மேட்டில் ஏற்றினான். பாதி வழியில் அது மூச்சுத் திணறி நின்றது. மீதி வழிக்கு இருவரும் அதை ஏற்றினார்கள்.

காவலுக்கு இருந்தவர் அதிகாரிகள் குடித்துப்போட்ட இளநீரை உடைத்து வழுக்கை தேடிக்கொண்டிருந்தார். இவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நீல மேடு பசுமையாகத்தான் இருந்தது. வேம்பு, பூவரசு, புங்கன், நாவல் என்று வரிசையாக நின்றன. கஸ்தூரியம்மாள் மெச்சியதில் ஆச்சரியமில்லை. ரெஜினா வரிசைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தாள். கடைசி வரிசையில், ஒரு பெரிய பூவரசின் மறைவில், தலையைச் சொறிந்தபடி அது நின்றுகொண்டிருந்தது.

"மேடம்! சிவப்பிரகாசம் சாரோட முழங்கை!" என்று கத்தினான் தனகோட்டி.

"மெதுவா. திருட்டுப்போன கன்னு இங்க என்ன பண்ணுது?"

"டிரான்ஸ்ஃபர்ல வந்திருக்கும் மேடம். மரத்துறையிலேருந்து தண்ணித்துறைக்கு. குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்களான்னு கேக்கட்டா?"

"அதைக் கொஞ்சம் தூக்கிப் பாரு."

"வேர் அறுந்துடும் மேடம். பாவம்."

"தூக்கு. அறுந்தா என் பொறுப்பு."

தனகோட்டி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பெரிய பலம் தேவைப்படவில்லை. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுப்பதுபோலக் கன்று குழியிலிருந்து அப்படியே வெளியே வந்தது. வேரைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பை, நாற்றங்காலில் போட்டது போட்டபடி, முழுசாக இருந்தது.

தனகோட்டி பையைத் தட்டிப் பார்த்தான்.

"சட்டையக் கூடக் கழட்டாம குளிக்க எறங்கியிருக்கு மேடம்."

"குளிக்க வரல. குளிக்கிற மாதிரி காட்ட வந்திருக்கு." ரெஜினா அடுத்த கன்றைத் தொட்டாள். அதுவும் பையோடு அசைந்தது. அதற்கடுத்ததும். "வெச்ச ஆயிரக்கணக்குல முக்காலேமூணு வீசம் தண்ணியில்லாமச் செத்துப்போச்சு. மிஞ்சினது ஒரு டிராக்டர் அளவு. திங்கட்கிழமை அதிகாரி பச்சை மேட்டுக்கு வந்தா, இது பச்சை மேட்டுல நிக்கும். புதன்கிழமை இங்க வந்தா இங்க நிக்கும். அந்தம்மா இலையைப் பார்த்தாங்க, தண்டைப் பார்க்கல."

"வெள்ளிக்கிழமை மஞ்ச மேடு!"

"குடையை எடுக்கப் போன நாள்ல மாட்டிக்கிட்டாங்க. கன்னெல்லாம் நீல மேட்டுல இருக்குன்னு சொல்ல முடியுமா? திருட்டுன்னு சொன்னாங்க. திருட்டுன்னா திருடன் வேணும். காண்ட்ராக்ட்காரன் ஒருத்தன் கையிலேயே இருந்தான்."

"மூணு துறையுமா மேடம்?"

"ஒரு துறை தனியா இதைச் செய்ய முடியாது. மூணு மேட்டுலயும் குழி ஒரே அளவுல வேணுமே."

தனகோட்டி கன்றைத் திரும்பக் குழியில் வைத்து, அதன் தலையைத் தட்டிக்கொடுத்தான். "கவலப்படாதடா. வெள்ளிக்கிழம ஊர்வலத்துல நானும் வரேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றுதான் ரெஜினா நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மஞ்சள் மேட்டுக்குப் பாதை பிரியும் வளைவில் ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் திலகவதி. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"நீ வந்திருக்க வேண்டாமே," என்றாள் ரெஜினா.

"கட்டிக்கப் போறது நாந்தானேக்கா? யார் பண்ணாங்கன்னு என் கண்ணால பாத்துட்டா, எங்கப்பா கிட்ட நேரா சொல்லிடுவேன்."

"எது தெரிஞ்சாலும் சொல்லுவியா?"

"எது தெரிஞ்சாலும்."

தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. முதலில் புழுதி வந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு காடு வந்தது. டிரெய்லர் நிறைய வேம்பும் பூவரசும் நாவலும் தலையாட்டிக்கொண்டு, உற்சவத்துக்குப் போகிற மாதிரி வந்தன. நடுவில் ஒரு புதர் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக, பச்சை வலை போர்த்தி நின்றது. அந்தப் புதர் ரெஜினாவைப் பார்த்துக் கையசைத்தது.

"ஐயோ மாதாவே," என்றாள் ரெஜினா.

டிராக்டர் வளைவில் வேகம் குறைந்தது. டிரைவர் தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தான். புதர் அவன் தோளைத் தட்டியது.

"அண்ணே, மஞ்ச மேடு ஸ்டாப்பிங் ஒண்ணு."

டிரைவர் திரும்பினான். பேசும் மரத்தைப் பார்த்தான். பிரேக்கை ஏறி மிதித்தான். டிராக்டர் குலுங்கி நிற்க, தனகோட்டி பிடிமானத்துக்காக எட்டிப் பிடித்தது டிரைவரின் துண்டை. துண்டு அவிழ்ந்து அவன் கையோடு வந்தது.

ரெஜினாவுக்கு அந்த முகம் யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் திலகவதி மூச்சை இழுத்த சத்தத்தில் புரிந்துவிட்டது.

"அருணு..." என்றாள் திலகவதி. அதுவரை அவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை.

கையில் துண்டோடு நின்ற தனகோட்டி மெதுவாக வலையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

ரெஜினாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பழி சுமந்தவன் அப்பாவி என்பதோடு யோசனையை நிறுத்திவிட்டாள். கன்றுகளை யார் ஏற்றினார்கள், யார் இறக்கினார்கள் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. தின்றதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன் என்று இந்தப் பெண் முதல் நாளே சொன்னாள். அதுகூட முழுக்கச் சரியில்லை. பந்தியில் பரிமாறியதே இவன்தான்.

அருண்குமார் டிராக்டரை விட்டு இறங்கினான். மெலிந்த உடம்பு, கையெல்லாம் மண்.

"சஸ்பெண்ட் ஆனவரு இன்னா வேல பாக்கறீங்க?" என்றாள் திலகவதி. குரல் உயரவில்லை. வகுப்பில் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"பேருக்குத்தான் சஸ்பெண்டுன்னாரு சிவப்பிரகாசம் சாரு. போலீசும் சும்மா பேச்சுக்குத்தானாம். கமிட்டி நீட்டிப்பு வர வரைக்கும் வாயத் தொறக்காத, கன்னு மாத்தற வேலய மட்டும் செஞ்சுகினு இரு, வந்ததும் உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்னு சாமி படத்து மேல கைவெச்சு சொன்னாரு."

"எனக்காகவா செஞ்சீங்க?"

அவன் ஆமென்று தலையாட்டப் போய், நிறுத்தினான். "உங்க அப்பாவுக்காக. பொண்ணு பாக்க வந்தப்ப காண்ட்ராக்டான்னு கேட்டுட்டு, காபி டம்ளர அப்படியே கீழ வெச்சாரே, அதுக்காக."

"நானு அந்த டம்ளர எடுத்து உங்க கையில குடுத்தேனே. அது ஞாபகம் இல்லியா?"

அவன் கை மண்ணைத் தேய்த்துத் தட்டினான். காற்றில் கன்றுகள் சலசலத்தன.

"திருடன் இல்ல. சரி," என்றாள் திலகவதி. "வெள்ளிக்கிழம போலீசு வருதுன்னு நான் பஸ்சு பஸ்சா ஏறி அலைஞ்சுகினு இருந்தேன். நீங்க எல்லாம் தெரிஞ்சே குனிஞ்சுகினு நின்னீங்க. இத எந்தக் கணக்குல வெக்கறது?"

ரெஜினா குறுக்கே வந்தாள். "தம்பி, சாமி படத்தை விடு. உன்மேல எழுதின திருட்டுப் புகாரை அவர் எப்ப வாபஸ் வாங்குவார்னு கேட்டியா?"

அருண்குமார் யோசித்தான். அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீட்டிப்பு வந்தப்புறம் கன்னு எங்கேன்னு யாராவது கேட்டா, பதில் ஒண்ணு வேணும் இல்லையா? அந்தப் பதில் நீதான்."

மேட்டின் மேல் யாரோ விசில் அடித்துக் கூப்பிட்டார்கள். மஞ்சள் மேட்டில் குழிகள் திறந்து தயாராக இருக்கின்றன. அதிகாரி டிபன் முடித்துக் கிளம்புவதற்குள் கன்றுகள் நின்றாக வேண்டும். அருண்குமார் மேட்டைப் பார்த்தான். திலகவதியைப் பார்த்தான். பிறகு டிராக்டரில் ஏறி, திருப்பினான். மேட்டை நோக்கி அல்ல.

"எங்க போறீங்க?" என்றாள் திலகவதி.

"விருந்தினர் மாளிகைக்கு. வரீங்களா?"

அவள் டிரெய்லரில் ஏறி, நாவலுக்கும் வேம்புக்கும் நடுவே உட்கார்ந்தாள். தனகோட்டி ஏற்கெனவே மேலேதான் இருந்தான். ரெஜினா டி.வி.எஸ்.-50ஐ எடுத்தாள். இறக்கம் என்பதால் அது அன்று மறுப்புச் சொல்லாமல் ஓடியது.

டவுன்ஷிப் சாலையில் காடு போவதை சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். ஷிஃப்ட் பஸ்ஸின் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. "கட்சி ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லீங்க, மாப்பிள்ள ஊர்வலம்" என்றான் தனகோட்டி. திலகவதி முறைத்ததில் நாவல் இலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

விருந்தினர் மாளிகை வராந்தாவில் கஸ்தூரியம்மாள் காபி குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த கொண்டை, கழுத்தில் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி. சுற்றிலும் சிவப்பிரகாசமும் மற்ற இரண்டு துறைத் தலைவர்களும் கைகட்டி நின்றார்கள். டிராக்டர் கேட்டுக்குள் நுழைந்ததும் சிவப்பிரகாசத்தின் நெற்றியில் விபூதி ஈரமானது.

அருண்குமார் இறங்கி வந்து கும்பிட்டான்.

"அம்மா, நீங்க மூணு மேட்டுலயும் பாத்த காடு இதுதாங்க. திங்கக்கிழம, புதன்கிழம, வெள்ளிக்கிழமன்னு உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? ஒரே தடவையா பாத்துடுங்க. நாந்தான் மாத்தி மாத்தி ஓட்டிகினு இருந்தேன்."

வராந்தாவில் ஒரு ஸ்பூன் விழுந்தது.

"நடமாடும் வனம், அம்மா," என்றார் சிவப்பிரகாசம் அவசரமாக. "புதிய திட்டம். இன்று உங்களிடம் சமர்ப்பிக்கலாம் என்றுதான்..."

கஸ்தூரியம்மாள் காபியை வைத்துவிட்டுப் படியிறங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிரெய்லரைச் சுற்றி வந்தார். முழங்கை மடங்கிய புங்கனின் முன்னால் நின்றார்.

"உன்னை எங்கேயோ பார்த்திருக்கேனே," என்றார் கன்றிடம். அதைத் தூக்கினார். கறுப்புப் பை வெளியே வந்தது.

"இந்த டிராக்டர் யாருது?"

"மண்துறை," என்றது ஒரு மெல்லிய குரல்.

"டீசல்?"

"தண்ணித்துறை."

"ஓட்டினது மரத்துறை. அப்படித்தானே? ஒரு டேங்கர் தண்ணி கொண்டுபோக மூணும் ஒண்ணா சேரல. இதுக்கு மட்டும் சேர்ந்துதா?" அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் சர்வீஸ்ல மூணு துறை இப்படி ஒத்துமையா வேலை பார்த்து நான் பார்த்ததே இல்ல சிவப்பிரகாசம்."

"நன்றி அம்மா," என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் அவர்.

தனகோட்டி ரெஜினாவின் காதருகே குனிந்தான். "மேடம், இவர விசாரிக்கவே வேணாம். இவரே சொல்லிடறாரு."

கஸ்தூரியம்மாள் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. கன்றுகள் மறுபடி மேட்டுக்குப் போகும், அடிவாரத்தில் ஊற்று இருக்கும் நீல மேட்டுக்கு. இந்த முறை பையைக் கிழித்து நட வேண்டும். நடுகிறவர்கள் மூன்று தலைவர்களும். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். திருட்டுப் புகார் இப்போதே கிழிக்கப்படும். நடந்தது நடந்தபடி சென்னைக்குப் போகும்.

"நீட்டிப்பு அம்மா..." என்று இழுத்தார் சிவப்பிரகாசம்.

"கேட்பேன். உங்களுக்கு இல்ல. கன்னுங்களுக்கு." பிறகு அருண்குமார் பக்கம் திரும்பினார். "நீ திருடல. ஆனா பொய்க்கு வண்டி ஓட்டியிருக்கே. வேலை இருக்கும். பர்மனென்ட் கிர்மனென்ட்டுனு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சரியா?"

"சரிங்கம்மா," என்றான். அழுவதுபோலவும் இருந்தது, பெரிய மூட்டையைக் கீழே வைத்தவன் மாதிரியும் இருந்தது.

மதிய வெயிலில் நீல மேட்டில் மூன்று தலைவர்களும் முழங்கால் மண்ணில் பதிய, பை கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் மண் தள்ள, ஒருவர் தண்ணீர் ஊற்ற, வேலை நன்றாகவே நடந்தது. சிவப்பிரகாசம் மூன்று பேனாவிலும் மண் படாமல் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். தனகோட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கும் மேட்டுக்கும் நடந்தான். தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் "எந்தத் துறைங்க?" என்று மறக்காமல் கேட்டான்.

கடைசி வரிசையில் அருண்குமார் தனியாக நட்டுக்கொண்டிருந்தான். திலகவதி டிரெய்லரிலிருந்து ஒரு வேப்பங்கன்றை எடுத்துப் போய் அவன் எதிரே குந்தினாள். கன்றைக் கொடுக்கவில்லை.

"இன்னும் இன்னா சொல்லாம வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

அவள் கன்றை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாலர் பள்ளியில் அவளுக்கு நிறையப் பொறுமை பழகியிருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப போட்டுகினு வந்த சட்ட," என்றான் கடைசியில், "என் ஃபிரண்டோடது."

"தெரியும். கை நீளமா இருந்துது." கன்றைக் கொடுத்தாள். அவன் நட்டான். அவள் இன்னொன்றை எடுத்து வந்தாள். இதையும் கொடுக்கவில்லை.

"புரோட்டா பிடிக்காதுன்னு சொன்னேன். பொய்யி. தினமும் தின்னுவேன்."

கன்று கைமாறியது.

"உங்க கடுதாசிய எங்க மாமா பையன்தான் படிச்சு பதில் எழுதுனான். கவிதையெல்லாம் அவன்துதான்."

திலகவதி சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி நின்ற ரெஜினா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். விசாரணையைத் தன்னைவிட நன்றாகச் செய்ய ஓர் ஆள் கிடைத்துவிட்டதால் தனக்கு இனி இங்கே வேலையில்லை என்று தோன்றியது.

"அந்தக் கவித நல்லாவே இல்ல," என்றாள் திலகவதி. பையைக் கிழிக்கத் தானே ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "இழுங்க. அப்புறம்?"

அருண்குமார் நிமிர்ந்து டிரெய்லரைப் பார்த்தான். இன்னும் பாதிக்கு மேல் கன்றுகள் இருந்தன. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.